கவரில் வந்த கால்

ஜனவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். அம்மாவும் நானும் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? ஆபீஸ் நாற்காலியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள்.

என் பழைய கால் இனிமேல் ஆகாது. நான் வளர்ந்துவிட்டேன், அது வளரவில்லை. பதின்மூன்று வயதில் செய்தது பதினேழு வயதுக்கு எப்படிப் பத்தும்? கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டுதான் சட்டைக் கம்பெனிக்குப் போய்வருகிறேன்.

அங்கே எனக்குப் பட்டன் வைக்கும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம். துணி வெட்டுகிற அக்கா கல்யாணமாகிப் போகப் போகிறாள். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "கை உனக்கு நல்லா ஓடுது. ஆனா கட்டிங் நின்னு செய்யற வேலை. கட்டையப் பிடிப்பியா, கத்தரியப் பிடிப்பியா? மே மாசம் முடியறதுக்குள்ள ஒரு காலோட வந்து நில்லு. அந்த மேஜை உனக்குத்தான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். "வாயத் தொறந்து சரின்னு சொன்னா வரி போட்டுடுவாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

உங்கள் ஆஸ்பத்திரியின் இலவசக் கால் பட்டியலில் என் பெயர் எப்போது வரும்? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் வைத்த வாயில்லாப்பூச்சி


ஜனவரி 24

என் வாயில்லாப்பூச்சிக்கு,

அத்தை எழுதுவது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. தலையணை வைத்தேன், பக்கத்து மேஜைக்காரர் "படுக்கையும் கொண்டாந்துடுங்க" என்றார். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

"அவசரம் ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். அவசரம் என்று எனக்குத் தெரியாதா? அந்த லாரி உன் காலை மட்டுமா எடுத்தது? என் அண்ணனை எடுத்தது. மாடியில் இருந்த உன் வகுப்பையும் எடுத்தது, படியேற முடியாமல் படிப்பே நின்றது. பட்டியலில் உன் பெயர் இந்த வருஷம் இருக்கிறது. ஆனால் கால் எப்படி வாங்குவது என்பதில்தான் இங்கே இழுபறி.

இதுவரை பேசித்தான் வாங்கினோம். உனக்குச் செய்தாரே, அந்தக் கால்காரரைக் கூப்பிடுவோம். அவர் ஆளைப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார். நான் குறைப்பேன். அவர் கோபித்துக்கொண்டு வாசல் வரை போவார், திரும்பி வருவார். ஒரு காலின் விலை இன்னொரு காலுக்கு இருக்காது. சொன்ன நாளில் கொடுத்ததும் கிடையாது. இந்த வருஷம் நிறைய பேருக்குக் கால் வேண்டும். நன்கொடை தருகிறவர்கள் டெண்டர் விடச் சொல்கிறார்கள். தேவையை எழுதி வெளியிட வேண்டும். ஆளாளுக்கு விலையை மூடிய கவரில் போடுவார்கள். எல்லோர் முன்னாலும் பிரித்து, குறைந்த விலைக்கு வேலையைக் கொடுக்க வேண்டும். அதுவரை யாரும் யாரோடும் பேசக் கூடாது. கட்டில், பெஞ்சு எல்லாம் அப்படித்தான் வாங்குகிறோம், ஒரு வம்பும் இல்லை. ஆனால் கால் என்ன கட்டிலா என்றும் தோன்றுகிறது.

இதற்கு நடுவில் என்மேல் ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. கால்காரரிடம் நான் பங்கு வாங்குகிறேனாம்.

டெண்டரா, பேச்சா என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பை இயக்குநர் என் தலையில் கட்டிவிட்டார். இங்கே இருக்கிற ஒருவரும் கால் போட்டு நடந்தவர்கள் இல்லை. நீ நடந்தவள். உன் மனதில் இருப்பதை எழுது.

அத்தை


பிப்ரவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இருவரும் நலம். அம்மாவுக்குச் சளி இருந்தது, போய்விட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலைந்து தாள்களைக் கிழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கால்காரர் தன் கொட்டகை வாசலில் என்னை மேலும் கீழும் நடக்கவிடுவார். பீடியை வாயில் வைத்துக்கொண்டு, காலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பார்.

"எங்க வலிக்குது?"

"வலிக்கலை."

"பொய். திரும்பறப்ப பல்லக் கடிக்கிறே. கழட்டு."

கழற்றுவேன். என் மிச்சக் கால் உட்காருகிற கிண்ணத்துக்குள் எதையோ சுரண்டுவார். மறுபடி மாட்டச் சொல்வார், மறுபடி நடக்கச் சொல்வார். "இன்னும் எத்தனை தடவைங்க வரணும்?" என்று அம்மா கேட்டாள். "உம் பொண்ணு வாயத் தொறக்கற வரைக்கும்" என்றார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஒரு நாள் வரச் சொல்லிவிட்டுக் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு அன்றைய கூலி போனது. அடுத்த தடவை போனபோது சாராய வாடை அடித்தது. அம்மாவிடம்தான் கோபித்துக்கொண்டார்.

எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை அத்தை. உங்களுக்கு எது வம்பில்லையோ அதைச் செய்யுங்கள். எனக்கு எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
வாயில்லாப்பூச்சி


மார்ச் 11

அன்பு மகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? எனக்கு இங்கே தூக்கம்தான் குறைவு, மற்றபடி குறையில்லை.

டெண்டர் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் உன் பெயர் இருக்கும்போது நான் பேசி வாங்கலாம் என்றால், அண்ணன் மகளுக்காகத் தனக்கு வேண்டியவரைக் கொண்டுவருகிறாள் என்பார்கள். கவர் என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. "எதுவானாலும் சரி" என்று நீ எழுதியது எனக்குத் தைரியம் கொடுத்தது.

நேற்று கவர்களைப் பிரித்தோம். கால்காரரும் ஒன்று போட்டிருந்தார். விலை என்ற இடத்தில், "ஆளை அனுப்புங்கள், நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார். கணக்கர் அதை உரக்க வாசித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். விலை இல்லாத கவர் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்.

எல்லோரையும்விட மிகக் குறைவாகப் போட்டிருந்த கம்பெனிக்கு வேலை போயிருக்கிறது. போன வாரம் அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் எங்கள் அளவுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு சந்தேகம் மேடம்" என்று வந்தார். கவர் பிரிக்கும் முன்பு நான் பேசக் கூடாதில்லையா, கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். பிறகு அவரும் கேட்கவில்லை.

அளவு எடுக்க உங்கள் ஊருக்கே ஆள் வருவார். மே மாதம் கால் வந்துவிடும். கட்டிங் மேஜையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

அத்தை


மார்ச் 29

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

அளவு எடுத்தாயிற்று. சுகாதார நிலையத்தில் காலையிலேயே வரிசையாக உட்கார வைத்தார்கள். வந்தவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ஆனால் டை கட்டியிருந்தார். டேப்பை வைத்து அளந்து கட்டங்களில் எழுதினார். என் மிச்சக் கால் காலையில் ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் வீங்கி வேறு மாதிரி இருக்கும். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், அதில் எதுவும் அழுத்தக் கூடாது. கால்காரர் அங்கே மட்டும் குழி விட்டிருந்தார்.

அம்மா அதைக் காட்டினாள். டை கட்டினவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார்.

"ஓரத்துல எழுதக் கூடாதா?"

"ஓரத்துல எழுதினா மேல கேள்வி கேப்பாங்க. உங்க ஆஸ்பத்திரி போட்ட தாள்தானே இது? நாங்களா போட்டோம்?"

அம்மா என் தோளை இடித்தாள். "நீ சொல்லேன்டி." பின்னால் நிறைய பேர் காத்திருந்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்வரை அம்மா எனக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தாள். இப்போது சரியாகிவிட்டாள்.

இப்படிக்கு,
வாயில்லாப்பூச்சி


மே 4

அன்பு மகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அந்த எலும்பு விஷயமாகக் கம்பெனிக்கு எழுதினேன். தாளில் இல்லாத வேலைக்குத் தனி விலை என்று பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்தை என் அண்ணன் மகளுக்கே கேட்பதா என்று விட்டுவிட்டேன். போட்டுப் பார், தேவையென்றால் கேட்கலாம்.

கால் இந்த வாரம் அனுப்புகிறார்கள். இரண்டு விஷயம் நினைவில் வை. குறை இருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது, வைத்தால் கம்பெனி பொறுப்பில்லை.

முதல் அடி வைத்ததும் எனக்கு எழுது.

அத்தை


மே 22

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம், உங்கள் நலம் எழுதவும்.

கால் வந்துவிட்டது! அட்டைப் பெட்டியில், புதுச் செருப்பு மாதிரி காகிதம் சுற்றி வந்தது. நிறம் என் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. "அந்தக் காலுக்கு மட்டும் பவுடர் போட்டியா?" என்று சட்டைக் கம்பெனியில் கிண்டல். மாட்டிக்கொண்டு நின்றதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அம்மாவைவிட உயரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கட்டிங் மேஜை கிடைத்துவிட்டது. அடுக்கிய துணியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் வெட்டுகிறேன். மாஸ்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சரி சரி, சாக்பீஸ் கோட்ட விட்டு வெளிய போகாத" என்றார். அவர் இதற்குமேல் யாரையும் பாராட்டினதில்லை.

கொஞ்சம் பழக வேண்டும். உள்ளே பழைய துணி சுற்றிக்கொள்கிறேன். சாயங்காலம் கழற்றும் நேரம்தான் நாளிலேயே நல்ல நேரம். மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது. நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

இப்படிக்கு, நின்றுகொண்டே எழுதும்,
வாயில்லாப்பூச்சி


ஜூன் 19

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. முதுகுவலியே மறந்துபோனது.

இங்கே நிலைமை சரியில்லை. கால் வாங்கினவர்கள் சிலர் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு காவலாளி காலைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கம்பெனி விலை கேட்கிறது. "டெண்டர்னு எழுதிக் கொடுத்தது நீங்கதானே?" என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கடிதத்தை எடுத்துக் கூட்டத்தில் வாசித்தேன். யாருடையது என்று சொல்லவில்லை, ஒரு பெண் எழுதியது என்று மட்டும் சொன்னேன். கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றிரண்டு வரிகளை விட்டுவிட்டேன். நீ அம்மாவைவிட உயரம் என்ற இடத்தில் கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கால் நன்றாகத்தான் இருக்கிறது, மற்றவர்களும் பழகிக்கொண்டால் சரியாகிவிடும் என்று முடிவாயிற்று. திருத்தம் இப்போதைக்கு வேண்டாம் என்றும் எழுதிவிட்டார்கள்.

என் வேலை தப்பியது உன்னால்தான். நீ மறுபடியும் எழுது. வேலை எப்படிப் போகிறது?

அத்தை


ஜூலை 13

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. துணி ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய பாடாக இருக்கிறது.

என் கடிதத்தை நீங்கள் வாசித்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் சுட வைத்தாள்.

எனக்கு இரண்டு நாளாய்க் கொஞ்சம் காய்ச்சல். மழைக் காய்ச்சல்தான். உங்கள் வேலை நிலைத்ததில் சந்தோஷம்.

இப்படிக்கு,
வாயில்லாப்பூச்சி


ஆகஸ்ட் 25

அன்பு மகளுக்கு,

நீ சுகமா, அண்ணி சுகமா? போன மாதம் எழுதின கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்குமுன் அனுப்பின சட்டைத் துணி கிடைத்ததா என்றும் தெரியவில்லை. கட்டிங் வேலை அதிகம்போல என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

கோபம் என்றால் அதையாவது எழுது. காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். எதனால் காய்ச்சல் என்று டாக்டரிடம் காட்டினாயா?

இரண்டு வரி போதும்.

அத்தை


செப்டம்பர் 18

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இது பொது ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் படுத்துக்கொண்டு எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். அம்மா நலம். என் நலத்தைக் கீழே எழுதுகிறேன்.

அந்தக் கால் முதல் நாளே வலித்தது. அந்த எலும்பின் மேலேயே கிண்ணத்தின் விளிம்பு உட்கார்ந்தது. முதல் வாரம் தோல் சிவந்தது, அப்புறம் பிய்ந்தது. துணி சுற்றினேன். துணி ஒட்டிக்கொண்டது, வெந்நீர் ஊற்றித்தான் எடுக்க முடியும். மேஜை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதிவிடலாம் என்று தாள் எடுத்த அன்றுதான், நீங்கள் என் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்ததாக உங்கள் கடிதம் வந்தது. அதற்கப்புறம் எப்படி எழுதுவேன்? அந்த ஒரு மாதக் கெடுவும் போய்விட்டிருந்தது.

ஜூலை கடைசியில் அம்மா என்னைக் கால்காரரிடம் கூட்டிப்போனாள். அவர் உள்ளே பார்த்தார். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "நான் தொட்டா கம்பெனி பொறுப்பில்லன்னு கையக் கழுவிடுவான். அப்புறம் எதுன்னாலும் என் தலையில விழும்" என்றார். அம்மா கெஞ்சினாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் நாத்தனா வெலைய கவர்ல போடச் சொன்னாள்ல? இப்ப அந்தக் கவரையே கால்ல மாட்டிக்கிட்டு நடக்கச் சொல்லு!" என்றார். அம்மாவும் பதிலுக்குக் கத்தினாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எங்கே சுரண்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுரண்டவில்லை.

ஆகஸ்டில் மேஜையிலேயே விழுந்துவிட்டேன். மாஸ்டர்தான் தூக்கிக்கொண்டு வந்தாராம். "இவ்வளவு நாள் எங்கம்மா போயிருந்தே? புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சே" என்று டாக்டர் அம்மாவைத் திட்டினார். அம்மா என்னைப் பார்க்காமல் திட்டை வாங்கிக்கொண்டாள்.

முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். முட்டி இருந்தால் கால் போட்டு நிற்கலாம், நாள் முழுக்க நிற்கலாம். முட்டி இல்லாவிட்டால் நிற்பது வேறு, அந்தக் கால் வேறு, அதைப் பொருத்துவது இன்னும் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். கட்டிங் மேஜையில் வேறு பெண் நிற்கிறாள். எனக்குப் பட்டன் பக்கத்தில் இடம் வைத்திருப்பதாக மாஸ்டர் சொல்லியனுப்பினார்.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டுக்கார அம்மா இருக்கிறாள். அவளுக்கும் உங்கள் பட்டியல் கால்தான். அவளுக்குப் புண் இன்னும் சின்னதாக இருக்கிறது. அவளும் பழகினால் சரியாகும் என்று ஊருக்கு எழுதியிருக்கிறாள். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் பதில் வந்ததாம்.

அத்தை, நீங்கள் விட்டுவிட்ட வரிகள் எவை என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தையும் கூட்டத்தில் வாசியுங்கள். என் பெயரைச் சொல்லியே வாசியுங்கள். ஒரு வரியும் விடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகள்


அக்டோபர் 10

என் அண்ணன் மகளுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணியிடம் என் பெயரை இப்போது எடுக்காதே.

வாசித்தேன். எழுந்து நின்று, உன் பெயரைச் சொல்லி, முழுவதும் வாசித்தேன். மே மாதக் கடிதத்தையும் கொண்டுபோயிருந்தேன். துணி சுற்றிக்கொள்கிறேன், கழற்றும் நேரம்தான் நல்ல நேரம் என்று நீ எழுதி, போன தடவை நான் விட்ட வரிகளையும் வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் முதல் கேள்வி, "அத்தைன்னு எழுதுறாளே, இந்தப் பொண்ணு உங்களுக்கு நெஜமாவே என்ன வேணும்?" என்பதுதான். சொன்னேன். "அப்ப போன தடவையும் சொந்தக்காரப் பொண்ணோட கடிதத்தத்தான் படிச்சீங்களா?" என்றார் இயக்குநர். ஆமாம் என்றேன். கணக்கர் தலையைக் குனிந்துகொண்டார். திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் துணிக் கிடங்கில் வேலை.

ஆனால் கேட்டவர்கள் கேட்டார்கள். இனிமேல் கால்களுக்குக் கவர் இல்லை. வலிக்கிறது என்று எழுதின எல்லோரையும் வரவழைத்து, செய்கிறவரை எதிரே உட்காரவைத்து, நடக்கவிட்டுப் பார்த்து, அப்புறம் விலை பேசுவது என்று தீர்மானம் ஆயிற்று. கால்காரருக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வருவதாகச் சொல்லியிருக்கிறார், எப்போது என்று சொல்லவில்லை. உன் பக்கத்துக் கட்டில் அம்மாவின் பெயர் முதலில் இருக்கிறது. அவளிடம் சொல், பயப்பட வேண்டாம்.

பட்டியலை என் முன்னால் வைத்தார்கள். பேசி வாங்கும் பட்டியலில் அதிகாரியின் உறவினர் இருக்கக் கூடாது, இருந்தால் தணிக்கையில் எல்லாமே நின்றுவிடும் என்றார்கள். உன் பெயருக்குமேல் கோடு போட்டு, பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவர்களுக்கு நகரும் என்றார்கள்.

போட்டுவிட்டேன்.

உனக்கு வெளியில் எங்காவது, என்னால் முடிந்ததை வைத்து ஒரு கால் செய்ய வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அண்ணி கதவைத் திறக்காவிட்டால் வார்டுக்கு நேரே வருவேன்.

அதற்குமுன் எனக்கு எழுது. திட்டி எழுது, அழுது எழுது, எதை வேண்டுமானாலும் எழுது. எதுவானாலும் சரி என்று மட்டும் எழுதாதே.

அத்தை